ஊர் கடந்த ஆவிரை

மார்கழித் திங்களின் கடைசி நாளன்று தமிழகத்தின் பல மாவட்டங்களில், சிறப்பாகக் கொங்கு நாட்டில், காப்புக் கட்டும் வழக்கம் உண்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்தாக்கி, வீட்டுக் கூரையிலும் வாயிலிலும் மாட்டுத் தொழுவத்திலும் வயலின் மூலையிலும் செருகுவர். பழையன கழிந்து புதியன புகும் வேளையில் வீட்டுக்கும் விளைவுக்கும் இம்மூன்றும் காவலாக நிற்கும் என்பது நம்பிக்கை. அலுவலின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து தங்கிவிட்ட நம்மில் பலர் இவ்வழக்கத்தை இன்னும் விட்டுவிடவில்லை. வேம்பு எங்கும் உண்டு. பூளையும் சற்றுத் தேடினால் காலி மனைகளில் அகப்படும். ஆவிரைதான் கிடைப்பதில்லை. ஆகவே கடையில் விற்கும் செண்டுப்பூவை வேப்பிலையோடு சேர்த்துக் கட்டி ஒருவாறு மனநிறைவு அடைகிறோம். ஆவிரைக்கும் செண்டுப்பூவுக்கும் மஞ்சள் நிறம் ஒன்றே பொது.

ஆண்டுதோறும் இவ்வாறே நிகழ்ந்து வருவதால், வெளிமாநிலங்களில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு ஆவிரை என்பது வெறும் சொல்லாக மட்டும் எஞ்சுகிறது. பெரியோராகிய நமக்கும், அது தமிழ்நாட்டுத் தரிசு நிலங்களில் மட்டுமே பூக்கும் செடி என்றும், ஊரை விட்டபோது அதையும் விட்டு வந்தோம் என்றும் ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது. இவ்வெண்ணம் சரிதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். ஆராய்ந்த பின்னர், அச்செடியை விதையிலிருந்து வீட்டிலேயே வளர்க்கும் முறையையும் காண்போம்.

முதற்கண் செடியின் இயல்பை நோக்குவோம். ஆவிரை, பேச்சு வழக்கில் ஆவாரை, பல கிளைகளோடு புதராக வளர்வது. பெரும்பாலும் ஆள் உயரமே இருக்கும். நல்ல இடத்தில் அதனினும் ஓங்கும். ஒரு காம்பின் இருபுறமும் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் வரிசையாக அமைந்திருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காதுமடல் போன்ற அகன்ற இலைச்செதில்கள் இரண்டு உண்டு. மஞ்சள் நிறப் பூப்பூக்கும் வேறு செடிகளிலிருந்து ஆவிரையைப் பிரித்தறிவதற்கு இக்காதுமடல்களே எளிய அடையாளம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்குக் 'காஸியா ஆரிகுலாட்டா' எனப் பெயர் சூட்டினார். ஆரிகுலாட்டா என்ற இலத்தீன் சொல்லுக்குக் காதுமடல் உடையது என்பது பொருள். பின்னர் ஆந்திரக் கடற்கரையில் சாமல்கோட்டையிலும், 1793 முதல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திலும் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க், இதனைச் 'சென்னா' என்னும் இனத்தில் சேர்த்தார். அவர் எழுதிய இந்தியத் தாவர நூல், அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1832-இல் சீராம்பூரில் அச்சாயிற்று. நெடுங்காலம் அறிஞர்கள் லின்னேயஸ் இட்ட பெயரையே ஆண்டு வந்தனர். 1982-ஆம் ஆண்டில் காஸியா இனம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, சென்னா ஆரிகுலாட்டா என்னும் பெயரே நிலைபெற்றது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அருவியில் நீராடிய தலைவியும் தோழியும் மலையெங்கும் அலைந்து பறித்து வந்து பாறையிலே குவித்த மலர்களைக் கபிலர் அதில் அடுக்கிக் கூறுகிறார். அவை 99 என்பது வழக்கு. ஆவிரையும் அவற்றுள் ஒன்று. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்துவதற்காகக் கபிலர் இப்பாட்டைப் பாடினார் என்று பழங்குறிப்பு ஒன்று தெரிவிக்கின்றது. வடபுலத்தார் ஒருவருக்குத் தமிழைக் கற்பிக்க முற்பட்ட புலவர் எதைக் காட்டினார் என்பது நம் சிந்தனைக்கு உரியது. இலக்கணத்தை அன்று, காதலர் வாழ்வையும் அதன் சூழலையும், அச்சூழலிலே பூத்த பூக்களையும் பெயர் பெயராகக் காட்டினார். வடபுலத்திலே வாழ்ந்துகொண்டு நம் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதனினும் நல்ல முன்மாதிரி வேண்டுவதில்லை.

குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் ஆவிரைக்கு வேறொரு நிலை உண்டு. காதல் கைகூடாத தலைவன் பனை மடலால் செய்த குதிரைமீது ஏறி ஊர்த் தெருவில் வருவான். அதற்கு மடலேறுதல் என்று பெயர். ஆவிரையும் எருக்கும் பூளையும் அவன் சூடும் பூக்கள். அரசர் சூடும் மாலை வேறு. நீர்நிலைகளில் பூக்கும் தாமரையும் குவளையும் வேறு. ஆவிரை யாரும் நட்டு நீர் வார்க்காத நிலத்தில், யாரும் விரும்பிப் பறிக்காத இடத்தில் பூப்பது. நாணத்தைத் துறந்தேன் என்பதை ஊரார்க்கு அறிவிக்க அவன் அத்தகைய பூவையே தேர்ந்தான். மடலேறுவோன் சூடிய மூன்றனுள் பூளையும் ஆவிரையும் இன்று நம் காப்புக் கொத்தில் இருக்கின்றன. எவரும் பொருட்படுத்தாத பூ எல்லார் வாயிலுக்கும் காவலாகிவிட்டது.

இதுவரை கூறியவற்றால் ஆவிரை தமிழர்க்கே உரியது என்ற எண்ணம் வலுப்பெறுமே அன்றிக் குறையாது. ஆகவே நாம் இனி விந்தியத்துக்கு அப்பால் செல்ல வேண்டும்.

15-ஆம் நூற்றாண்டில் இராஜஸ்தானத்தில் மேவார், மார்வார் என்னும் இரு நாடுகள் தமக்குள் பெரும் பகை கொண்டிருந்தன. ஆரவல்லி மலைத் தொடரும் அதன் கீழ்ப்புறமும் மேவார். மேற்கே பாலைவனம் வரை விரிந்த வறண்ட சமவெளி மார்வார். மேவாரை 1433 முதல் 1468 வரை ஆண்டவர் மகாராணா கும்பா. மார்வாரின் தலைவர் ரண்மல் 1438-இல் சித்தூர்க் கோட்டையில் கொல்லப்பட்டார். அவர் மகன் ஜோதா தப்பி ஓடிப் பல ஆண்டுகள் பாலையில் அலைந்தார்; பின்னர்ப் படை திரட்டி, 1453-இல் தம் தலைநகராகிய மண்டோரை மீட்டார். 1459-இல் அவர் அமைத்த நகரமே ஜோதபுரி. இவ்விருவரும் இறுதியில் உடன்பாடு செய்துகொண்டு தம் நாடுகளுக்கு எல்லை வகுத்தனர் என இராஜஸ்தான வரலாறு கூறுகின்றது. அவ்வெல்லைக்கு அவர்கள் கல் நடவில்லை, சுவர் எழுப்பவுமில்லை. 'ஆன்வல்' செடி வளரும் நிலமெல்லாம் மேவாருக்கு. 'பன்வல்' மரம் வளரும் நிலமெல்லாம் மார்வாருக்கு. இதுவே முடிவு. அந்நாட்டு மக்கள் வாயில் இது ஒரு பழமொழியாகவும் நிலைத்துவிட்டது.

பன்வல் என்பது நம் கருவேல மரம். ஆன்வல் என்பது நம் ஆவிரை. ஆரவல்லியின் மேற்குச் சரிவைக் கடந்து மணல் நிலத்தை அடைந்தால் மழை குறைகிறது. நிலத்தின் தோற்றமும் மாறுகிறது. கண்ணால் காணத்தக்க அந்த மாற்றத்தையே இரு மன்னர்களும் எல்லையாகக் கொண்டனர். பூக்காலத்தில் உழவன் மகன்கூடத் தான் எந்த நாட்டில் நிற்கிறான் என்பதைச் செடியைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். கர்னல் ஜேம்ஸ் டாட் என்னும் ஆங்கில அதிகாரி 1819-ஆம் ஆண்டில் உதயபுரியிலிருந்து மார்வாருக்கு இம்மலை வழியாக இறங்கிச் சென்றார். 1829-இலும் 1832-இலும் இரு தொகுதிகளாக அவர் வெளியிட்ட இராஜஸ்தான வரலாற்று நூலிலும் இம்மஞ்சள் பூவின் எல்லையைப் பற்றிய செய்தி இடம்பெற்றுள்ளது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர்க்குத் தோன்றும் ஒரு கருத்தையும் கூறுதல் வேண்டும். இந்தியில் 'ஆன்வ்லா' என்றால் நெல்லி. இராஜஸ்தானியில் 'ஆன்வல்' என்றால் ஆவிரை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஈற்றில் வரும் ஓர் உயிரெழுத்து அளவே. அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர், மேவாரின் எல்லையில் நெல்லி மரங்களை நட்டுவிடக் கூடும். அவ்வாறு செய்தால் வாக்கியம் பிழையின்றி அமையும். வரலாறு மட்டும் பொய்த்துப் போகும். நெல்லியின் பூ கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறியது; தொலைவிலிருந்து பார்த்து நாட்டின் எல்லையை அறிவதற்கு அது பயன்படாது. சொல்லை அறிவதோடு அமையாமல் செடியையும் அறிந்திருந்தால்தான் அந்த உடன்பாட்டின் பொருள் விளங்கும்.

மேவாரிலிருந்து தெற்கே திரும்பி வருவோமாயின், வழியெங்கும் ஆவிரை பெயர் மாறி நிற்பதைக் காணலாம். குஜராத்தியில் அது 'ஆவள்'. மராத்தியில் 'தரவட்'. கன்னடத்தில் 'ஆவரிகெ' என்றும் 'தங்கடி' என்றும் வழங்கும். தெலுங்கில் 'தங்கேடு'. மலையாளத்தில் 'ஆவாரம்'. வடமொழி மருத்துவ நூல்களில் 'ஆவர்த்தகீ'. கடல் கடந்து இலங்கை சென்றால் சிங்கள மக்கள் அதனை 'ரணவரா' என்பர். அதன் இலையையும் பூவையும் உலர்த்தித் தேநீர் போலக் கொதிக்க வைத்துப் பருகுவர். இப்பெயர்களுள் சிலவற்றின் ஒலி ஒற்றுமை வியப்பைத் தருவது உண்மையே. எனினும் ஒலியை மட்டும் கொண்டு எது மூலம், எது திரிபு என்று வழக்காடத் தேவையில்லை. ஒவ்வொரு மொழியினரும் தத்தம் தரிசு நிலத்தில் இச்செடியைக் கண்டனர். தமக்கு உரியதாக ஒரு பெயரிட்டு அழைத்தனர் என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி.

தெலங்கானத்தில் ஆவிரைக்குக் கிடைத்திருக்கும் பெருமை வேறெங்கும் இல்லை. மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள் அங்கே 'பதுகம்மா' விழா நடைபெறுகின்றது. பதுகம்மா என்பதற்கு 'வாழ்க தாயே' என்று பொருள் கொள்ளலாம். மழை முடிந்து தரிசுகள் பூத்துக் கிடக்கும் பருவம் அது. பெண்கள் தங்கேடுப் பூவையும் பண்ணைக்கீரைப் பூவையும் செண்டுப்பூவையும் பறித்து வந்து, தட்டிலே வட்டம் வட்டமாக அடுக்கிக் கோபுரம் போல எழுப்புவர். நடுவில் வைத்துச் சுற்றி வந்து கைகொட்டிப் பாடுவர். இறுதி நாளில் ஏரியிலோ குளத்திலோ விடுவர். 2014-ஆம் ஆண்டு தெலங்கானம் தனி மாநிலமானபோது பதுகம்மா மாநில விழாவாகவும், தங்கேடு மாநில மலராகவும் அறிவிக்கப்பட்டன. ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழர்கள் ஆவாரம்பூவுக்காக ஊரை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. புரட்டாசியில் அடுத்த வீட்டுப் பெண்கள் தட்டில் அடுக்கும் மஞ்சள் பூவை உற்று நோக்கினால் போதும்.

இவ்வளவு பரந்து வாழும் செடி நகரவாசிகளின் கண்ணுக்கு ஏன் அரிதாயிற்று என்பதும் ஆராயத்தக்கது. இதற்கு ஒரு காரணம் அதன் பட்டை. ஆவிரைப் பட்டையில் தோல் பதனிட உதவும் துவர்ப்பொருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தில் இப்பட்டையால் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்யும் தொழில் ஓங்கி வளர்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இத்தொழிலால் பெயர் பெற்றன. ஆவிரையால் பதனிட்ட தோல் இளமஞ்சள் நிறமும் மென்மையும் உடையது. ஆனால் வெயில் பட்டால் செந்நிறம் ஏறும். அதைத் தடுக்கப் பின்னர்க் கடுக்காய்க் கரைசலில் ஊற வைப்பர். முதல் உலகப் போர் நடந்த 1914 முதல் 1918 வரையிலான ஆண்டுகளில், போர் வீரர்களின் பாதக்காப்புக்காக இத்தோல் பெரும் அளவில் இங்கிலாந்துக்குச் சென்றது. தமிழ்நாட்டுத் தரிசில் நின்ற ஒரு செடியின் சாறு ஐரோப்பியப் போர்க்களத்தின் சேற்றிலே நடந்தது எனலாம்.

இத்தொழிலோடு நம் புலம்பெயர்வின் வரலாறும் பிணைந்துள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடுவோர் பலர் பம்பாய்த் தாராவிக்குச் சென்று குடியேறினர். இன்றும் தாராவியில் தமிழ் ஒலிப்பதற்கு அவர்கள் இட்ட அடித்தளமும் ஒரு காரணம். சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை என வழங்கிய பொருள், பம்பாய் மாகாணத்தில் 'தரவட்' என்னும் பெயரில் அதே தொழிலுக்குப் பயன்பட்டு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. 1903-ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். சென்னையின் தெற்கே எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையே குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயருக்குக் காரணம். அதனோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரத்தின் பட்டை வந்து இறங்கலாயிற்று. அதில் துவர்ப்பொருள் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் உண்டு. ஆவாரம்பட்டையின் சந்தை சிறுகச் சிறுகச் சுருங்கியது. பட்டைக்காக வெட்டுவது குறைந்தது என்று மகிழ்வதற்கு இடமில்லை. ஒரு காலத்தில் விலை பெற்ற செடி பிற்காலத்தில் விலை இழந்தது. விலை இழந்ததனால் காப்பாரையும் இழந்தது. அது நின்ற தரிசுகள் மனைகளாகவும் சாலைகளாகவும் மாறின. நட்டு வளர்க்கும் வழக்கம் இல்லாத செடி, தானே முளைக்கும் இடத்தை இழந்தால் எங்கே போகும்? ஊரிலும் இன்று காப்புக் கட்டும் நாளில் ஆவாரம்பூவைக் கட்டுக் கட்டாகச் சந்தையிலே விலைக்கு வாங்கும் நிலை நகரங்களில் வந்துவிட்டது.

ஆகவே ஆவிரையை வீட்டில் வளர்ப்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. முயற்சிக்குச் செலவு மிகுதியில்லை, பொறுமையே வேண்டும்.

விதையைப் பெறுவது முதல் வேலை. ஊருக்குச் செல்லும்போது, செடியிலேயே முற்றிக் காய்ந்து பழுப்பு நிறமடைந்த நெற்றுகளைப் பறித்து வர வேண்டும். நெற்று தட்டையாக, காகிதம் போல் மெல்லியதாக, விரல் நீளம் இருக்கும். ஒவ்வொன்றிலும் 12 முதல் 20 விதை வரை உண்டு. பச்சை நெற்றைப் பறித்து உலர்த்தினால் விதை முளைக்கும் என்று நம்ப இயலாது. பறிக்கும்போது இலைக்காம்பின் அடியில் காதுமடல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் நன்று. பேயாவாரை, நிலாவாரை முதலியவையும் மஞ்சள் பூப் பூப்பவை. தில்லிப் பூங்காக்களில் அழகுக்காக நடப்படும் மஞ்சள் பூப்புதர்களும் வேறு இனத்தவையே.

அடுத்தது விதையின் உறை. ஆவிரை விதையின் உறை மிகக் கடினமானது. நீரை எளிதில் உள்ளே விடாது. மழை ஒருமுறை தூறியதும் முளைத்துப் பின் வெயிலில் மடிந்துவிடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. விதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, விதை கெட்டது எனச் சிலர் கைவிடுவது இதனால்தான். விதை கெடவில்லை, திறக்கவில்லை. ஒவ்வொரு விதையையும் உப்புத்தாளிலோ சொரசொரப்பான கல்லிலோ மெல்லத் தேய்த்து, உறையின் ஒரு புறத்தில் உள்நிறம் தெரியும் அளவுக்குச் சுரண்ட வேண்டும். முளை வரும் கூர்முனையைத் தேய்த்தல் ஆகாது. பிறகு இரவு முழுவதும் நீரில் ஊற விட வேண்டும். தேய்ப்பதற்குப் பொறுமை இல்லாதவர்கள், நீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பின் விதையை அதில் இட்டு, அப்படியே ஆறவிட்டு மறுநாள் வரை வைத்திருக்கலாம். விதையோடு சேர்த்துக் கொதிக்க விடுதல் கூடாது. காலையில் எடுத்துப் பார்த்தால் சில விதைகள் பருத்திருக்கும். சில முன்போலவே சிறுத்திருக்கும். பருத்தவை விதைக்கத் தக்கவை. மற்றவற்றை மீண்டும் தேய்த்து ஊற வைக்க வேண்டும்.

ஆவிரையின் ஆணிவேர் ஆழமாக இறங்குவது. ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது அவ்வேர் அறுந்தால் செடி வாடும். எனவே தொடக்கத்திலேயே ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுடைய தொட்டியில் விதைப்பது சிறந்தது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு என்னும் கலவை போதும். தொட்டியின் அடியில் துளை அவசியம். விரற்கடை அளவுக்கு மேல் ஆழமின்றி இரண்டு மூன்று விதைகளை ஊன்றி, மண் ஈரமாக மட்டும் இருக்கும்படி நீர் தெளிக்க வேண்டும். வெப்பமான நாட்களில் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முளை தோன்றும். நாற்றுகள் சாண் உயரம் வளர்ந்ததும் வலிமையான ஒன்றை நிறுத்தி மற்றவற்றை மண்ணோடு நறுக்கிவிடலாம். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும்.

ஊருக்கு ஏற்பப் பருவம் வேறுபடும். தில்லியில் பங்குனி, சித்திரையில் விதைத்தால், மழைக்குள் நாற்று நிலைபெற்றுக் குளிருக்குள் தண்டு முற்றிவிடும். அங்கு முதற் குளிர்காலமே சோதனைக் காலம். மார்கழி, தை மாதங்களில் தொட்டியைத் தெற்கு நோக்கிய சுவரோரமாக வைத்து, நீரைக் குறைத்து, பனி மிகுந்த இரவுகளில் சாக்கு கொண்டு மூடினால் செடி பிழைக்கும். மும்பையில் பகை குளிர் அன்று, நான்கு மாத அடைமழை. தொட்டியைச் செங்கல் மீது உயர்த்தி, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொல்கத்தாவின் களிமண்ணுக்கும் இதுவே எச்சரிக்கை. அங்கு மணலின் பங்கைக் கூட்டுதல் நலம். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இத்தகைய கவலை இல்லை. அவை ஆவிரைக்குப் பிறந்த வீடே. எங்கு வளர்த்தாலும் வெயில் மட்டும் குறையக் கூடாது. நிழலில் நின்ற ஆவிரை தழைக்குமே அன்றிப் பூக்காது.

நல்ல வெயிலும் அளவான நீரும் கிடைத்தால் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பூவைக் காணலாம். பூவில் தேன் இல்லை; மகரந்தமே வண்டுக்குக் கிடைக்கும் கூலி. அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே வெளிவரும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு உடலை அதிர்விக்கும்போது மகரந்தம் உதிரும். குழந்தைகளை அருகில் நிறுத்திக் காட்டத்தக்க காட்சி இது. இலையைச் சில பச்சைப் புழுக்கள் தின்னக் கண்டால் உடனே மருந்து தெளித்தல் வேண்டா. வெளிர்மஞ்சளும் வெண்மையுமான ஒருவகைப் பட்டாம்பூச்சிகள் ஆவிரை இனச் செடிகளில் முட்டையிடுகின்றன. கூட்டமாக இடம்பெயரும் இயல்பு உடைமையால், ஆங்கிலத்தில் அவற்றுக்குக் 'குடிபெயர்வோர்' என்னும் பொருள்படப் பெயர் வழங்குகிறது. குடிபெயர்ந்த நம் வீட்டுத் தொட்டியில் அவற்றுக்கும் இடம் உண்டு. புழு தின்ற கிளை மறுபடியும் துளிர்க்கும். பூக்காலம் முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு நறுக்கிவிட்டால் செடி அடர்ந்து வளரும்.

ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்று கேட்கும் பழமொழி ஒன்று நம்மிடம் உண்டு. வெயிலில் நடப்போர் தலைக்கு மேல் ஆவாரந்தழையை வைத்துத் துண்டு கட்டிக்கொள்வதும், சித்த மருத்துவர்கள் அதன் வேர், பட்டை, இலை, பூ, விதை ஐந்தையும் நீரிழிவுக்கு வழங்குவதும் நாம் அறிந்தவை. எனினும் வீட்டில் செடி இருக்கிறது என்பதற்காக, உண்டு வரும் மருந்தை நிறுத்திவிட்டு நாமே குடிநீர் காய்ச்சிப் பருகுதல் முறையன்று. அதற்கு மருத்துவரின் சொல் வேண்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். ஆவிரையை நாம் ஊரில் விட்டுவிட்டு வரவில்லை. நாம் வந்து சேர்ந்த இடங்கள் பலவற்றில் அது நமக்கு முன்பே நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் மாறியிருந்தமையால் நாம் அடையாளம் காணவில்லை. கபிலர் அடுக்கிய பூவே மேவாரின் எல்லையைக் காத்தது; தெலங்கானத்துப் பெண்கள் நடுவில் வைத்துப் பாடுவதும் அதே பூ. 'இது எங்கள் ஊர்ப் பூ' என்று நம் குழந்தை பெருமையோடு சொல்லும்போது, 'எங்கள் ஊரிலும் உண்டு' என்று அடுத்த வீட்டுத் தெலுங்கரோ குஜராத்தியரோ மராத்தியரோ மறுமொழி கூறுவர். அதனால் நம் உரிமை குறைந்துவிடாது. பேசுவதற்கு ஒரு பொருளும் உறவுக்கு ஒரு வழியும் மிகும்.

செடி காய்த்த முதல் ஆண்டில் எல்லா நெற்றுகளையும் பறித்துவிட வேண்டா. சிலவற்றை முற்றவிட்டு, விதைகளை உலர்த்தி, காகித உறைகளில் பத்துப் பத்தாக இட்டு வைக்கலாம். உறையின் மேல் 'ஆவிரை' என்று தமிழிலும், அதன் கீழே அவ்வூர் மொழியில் உள்ள பெயரையும் குழந்தையின் கையாலேயே எழுதச் செய்து, ஓர் உறையை அடுத்த வீட்டாருக்கும் கொடுக்கலாம். விதையைத் தேய்த்து ஊற வைக்க வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும்.